பதினான்காம் கேள்வியின் ‘யெஸ்’

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். முதலாவது, “அங்க சாப்பாடு ரொம்பக் காரமாமே?” இரண்டாவது, “அது சரி, நீ அங்க என்னதாம்ப்பா வேலை பாக்க?” முதல் கேள்விக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே பதிலை வைத்து ஓட்டுகிறேன். இரண்டாவதற்கு இன்னும் ஒரு பதில் அமையவில்லை.

கோவில்பட்டிக்காரன் ஒருவன், ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு, சீனாவில் மேல்நிலைப் பள்ளி படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைக் கேட்டால் புரிகிறதா, படித்தால் புரிகிறதா என்று சோதிக்கிற கேள்விகளை எழுதுகிறான். இதை நீங்களே ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பெண் பார்க்கப் போன அன்று இதைச் சொல்லியிருந்தால் மாமனார் காப்பியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போயிருப்பார். நல்லவேளை, அப்போது நான் வெறும் டுடோரியல் வாத்தியார்.

அந்நிய மண் அனுபவம் என்று எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்றும் யோசித்தேன். என்னிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஆனால் ஆதாரில் முகவரி மாற்றப் போன இடத்தில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எந்த ஊர் என்று தெலுங்கில் கேட்டார். சொன்னேன். “ஓ, மெட்ராஸ்!” என்று எழுதிக்கொண்டார். கோவில்பட்டிக்கும் மெட்ராஸுக்கும் நடுவே ஒரு ராத்திரி ரயில் ஓடுகிறது என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது? அத்தனை தூரத்தையும் ஒரு ‘ஓ’வில் அழிக்கிறவர்கள் இருக்கிற ஊர் வெளிநாடுதான். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இப்போது எழுதக் காரணம், நான் வந்து பன்னிரண்டு வருடம் முடிந்தது அல்ல. போன மாதம் கைபேசியில் நான் அடித்து அனுப்பிய ஒரே ஒரு ஆங்கிலச் சொல். அந்தச் சொல்லால் என் மகளுக்குக் கிடைத்திருந்த கல்லூரி இடம் போய்விட்டது.

2

எங்கள் ஆபீஸ் ஹப்சிகுடாவில், ஒரு டிபன் கடைக்கு மேலே இருக்கிறது. சீனாவில் பொழுது நமக்கு முன்னாலேயே விடிந்துவிடுவதால் காலை ஏழு மணிக்கே போய்விட வேண்டும். ஏழு மணிக்குக் கீழே பெசரட்டு வேகும் வாசனை. மேலே என் கேள்வித்தாளில் டாமும் லூசியும் நூலகத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் எழுதுகிற உலகம் மிகவும் நல்ல உலகம். அதில் யாரும் சாவதில்லை. யாருக்கும் சாமி கிடையாது, கட்சி கிடையாது, குடிப்பழக்கம் கிடையாது, விவாகரத்து கிடையாது. இதெல்லாம் எழுதக் கூடாது என்று ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார்கள். அங்கே நடக்கிற பெரிய துயரம், பஸ்ஸைத் தவறவிடுவது. அடுத்த பஸ் பத்து நிமிடத்தில் வந்துவிடும். கேட்கும் பகுதியில் ஓர் ஆண் குரல், ஒரு பெண் குரல். நாலு வரி பேசுவார்கள். இருவருக்கும் என்ன உறவு, பேச்சு எங்கே நடக்கிறது, ஆண் அடுத்து என்ன செய்வான் என்று கேட்போம். படிக்கும் பகுதியில் பெங்குவின், பழைய பாலம், மரம் நடும் தொண்டர். கடைசிக் கேள்வி எப்போதும், ஆசிரியரின் மனநிலை என்ன? விடை எப்போதும், நம்பிக்கை. ஆசிரியரின் மனநிலையை ஆசிரியரிடம் கேட்கிற வழக்கம் எங்கேயும் இல்லை.

இத்தனை வருடத்தில் ஒரு சீனரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரே சீனர் மிஸ் லின். அவரும் கேள்வித்தாளின் ஓரத்தில் சிவப்பு எழுத்தில்தான் வசிக்கிறார். எங்கள் கேள்விகளை அங்கே சரிபார்க்கிறவர்.

3

மகள் பெயர் வெண்ணிலா. ஆறு வயதில் இங்கே பள்ளியில் சேர்க்கும்போது, பெயரைக் கேட்ட கிளார்க்கம்மா முகம் மலர்ந்து “வென்னெலா!” என்று தெலுங்கில் எழுதிக்கொண்டார். அர்த்தம் ஒன்றுதான், இரண்டுமே நிலா வெளிச்சம்தான் என்று நானும் மலர்ந்து தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்று வரை அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடிதம் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, சேவை மையத்தில் வரிசையில் நின்று, டோக்கன் கூப்பிடும்போது “வென்னெலா தண்ட்ரி எவரு?” என்று கேட்டால் நான்தான் அப்பா என்று எழுந்து போகிறேன். வெண்ணிலாவின் அப்பாவை யாரும் கூப்பிடுவதில்லை.

அவளும் வென்னெலாவாகத்தான் வளர்ந்தாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். கொஞ்சம் கோபமாகக் கேட்டால் ஆங்கிலத்தில் வரும். தமிழ் புரியும், வாயில் லேசில் வராது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு எட்டு வயதானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவளும் உட்கார்ந்து அந்த வாரத்து உரையாடல்களைச் சத்தமாகப் படித்துப் பார்ப்போம். ஆண் நான், பெண் அவள். அவளுக்கு நான் டாக்டராக இருந்திருக்கிறேன், ஹோட்டல் சிப்பந்தியாக இருந்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரனாக நாய்க்குட்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சில தாள்களில் அப்பாவாகவே வருவேன். “அப்பா, உங்களுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு, ரொம்பக் களைப்பா இருக்கீங்களே?” என்று அவள் ஆங்கிலத்தில் கேட்பாள். அதற்கு நான் நீளமாகப் பதில் சொல்வேன். தாளை மூடி வைத்த பிறகு, “சாப்பிட்டியாம்மா?” “ம்.” அவ்வளவுதான்.

படிக்கும்போதே என் ஆங்கிலத்தையும் திருத்திவிடுவாள். “அப்பா, இங்க யெஸ் இல்ல, நோ வரணும்.” எத்தனையோ ஞாயிறு இதைச் சொல்லியிருக்கிறாள். இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின.

அந்த வாசிப்புகளைக் கைபேசியில் பதிவு செய்து கேட்பதில் அவளுக்கு வேறொரு பைத்தியம் பிடித்திருந்தது. “இதுல பின்னாடி ஃபேன் சத்தம் கேக்குது. இது குக்கர். இது நீங்க வயித்தத் தடவுற சத்தம்” என்பாள். ஒலிப்பதிவு படிக்கப் போகிறேன் என்றாள். அதற்குப் புனேயில் ஒரு கல்லூரி. விண்ணப்பித்தாள். முதல் பட்டியலில் பெயர் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. தார்நாகா பக்கத்தில் பி.காம். ஒன்றையும் பிடித்து வைத்திருந்தோம்.

“புனேயா? அங்க நமக்கு யாரு இருக்கா?” என்று நான் ஒரு மாதமாக அனத்திக்கொண்டிருந்தேன். மனைவி விஜயா, “இங்க மட்டும் யாரு இருந்தா, நீங்க வரும்போது?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. போகட்டும் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். ஆனால் முடிவு செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. என் முடிவுகள் எல்லாம் அரசாணை மாதிரி. கையெழுத்தாகிவிடும், வெளியே வர நாளாகும்.

4

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. எங்கள் டீம் லீடர் ரமணா என் மேஜைக்கு வந்து, “சார், பதினாலு ஒக்கசாரி சூடண்டி” என்றார். ஒரு தடவை பார்க்கச் சொல்கிறார் என்றால் மிஸ் லின் ஏதோ எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

பதினான்காம் கேள்வி இதுதான். பெண் கேட்கிறாள்: நீங்க இன்னும் சாப்பிடல, இல்லையா? ஆண் சொல்கிறான்: யெஸ், காலையிலிருந்து மீட்டிங். ஆணைப் பற்றி என்ன தெரிகிறது? அ, சாப்பிட்டுவிட்டான். ஆ, சாப்பிடவில்லை. இ, மீட்டிங்குக்குத் தாமதமாகப் போனான். என் விடை ஆ.

உங்களுக்கு இதில் தவறு தெரிகிறதா? எனக்கும் தெரியவில்லை. “சாப்பிடல போல?” என்று ஒருவர் கேட்டால் நாம் “ஆமா” என்போம். நீங்க சொல்வது சரி, சாப்பிடவில்லை. தெலுங்கில் ‘அவுனு’, இந்த ஊர் ஆட்டோக்காரர் வாயில் ‘ஹவ்’, எல்லாம் இப்படித்தான். நாம் கேட்டவருக்குப் பதில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் சோற்றுக்குப் பதில் சொல்கிறார்கள். சோறு உள்ளே போயிருந்தால் யெஸ், போகவில்லையென்றால் நோ. கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதைப் பற்றி ஆங்கிலத்துக்குக் கவலை இல்லை.

மிஸ் லின் எழுதியிருந்தார்: “இந்த ஆண் சாப்பிட்டுவிட்டார். விடை தவறு. ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் நீங்கள் சொன்ன தவறான விடையைத்தான் குறித்தார்கள். எங்கள் மொழியிலும் பேச்சு இப்படித்தான். இந்தத் தவறைச் செய்ய எங்களுக்கே தெரியும், வெளிநாட்டு உதவி தேவையில்லை. இனி யெஸ்ஸையும் நோவையும் தனியாக விடாதீர்கள். பின்னால் இரண்டு சொல் சேருங்கள்.”

அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பெயர் தெரியாத ஒரு ஊரில் ஒரு வகுப்பு முழுக்க என் ஆணைச் சரியாகப் புரிந்துகொண்டதில் அற்ப சந்தோஷம். பன்னிரண்டு வருடத்தில் வாசகர்களோடு எனக்கு ஏற்பட்ட முழுமையான உடன்பாடு அதுதான். அதையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள்.

5

அந்தக் கேள்வியைத் திருத்தி மறுபடி பதிவு செய்ய அன்றே பேகம்பேட் ஸ்டூடியோவுக்குப் போனேன். எங்கள் அமெரிக்கக் குரலுக்குச் சொந்தக்காரர் உப்பலில் இருக்கிறார். வங்கியில் வேலை, மத்தியானம் அரை நாள் லீவு போட்டு அமெரிக்கர் ஆகிறார். “நோ, ஐ ஹேவன்ட்” என்று ஒன்பது தடவை சொன்னார். ஒன்பதாவது தடவை நிஜமாகவே பட்டினி கிடந்தவர் மாதிரி இருந்தது.

உள்ளே கைபேசியை அணைத்து வைக்க வேண்டும். இரண்டரை மணிக்கு, ஒரு இடைவெளியில், வெளியே வந்து போட்டேன். வெண்ணிலாவிடமிருந்து மூன்று செய்திகள், எல்லாம் ஆங்கிலத்தில். மூன்றாவது பட்டியல் வந்துவிட்டது, புனேயில் இடம் கிடைத்திருக்கிறது. மூன்று மணிக்குள் ஏற்கிறேன் அல்லது ஒப்படைக்கிறேன் என்று அழுத்த வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள், கிடைக்கவில்லை. கடைசிச் செய்தி: “ஸோ யூ டோன்ட் வான்ட் மீ டு கோ?” நான் போவதில் உங்களுக்கு விருப்பமில்லை, அப்படித்தானே?

ஒரு மாதம் அனத்தியவனிடம் வேறெப்படிக் கேட்பாள்?

என் வாய் ‘இல்லம்மா, போ’ என்றுதான் ஆரம்பித்தது. இல்லை என்றால் நோ. விரல் நோவின் முதலெழுத்து ‘என்’னை அடித்தும்விட்டது. அப்போது மிஸ் லின் நினைவுக்கு வந்தார். நிறுத்தினேன். யோசித்தேன். கேட்டவருக்குப் பதில் சொல்லாதே, விஷயத்துக்குப் பதில் சொல். விஷயம், அவள் போவது. நான் போகச் சொல்கிறேன். அப்படியானால் ஆங்கிலத்தில் இதற்குப் பதில் யெஸ். ‘என்’னை அழித்துவிட்டு ‘யெஸ்’ என்று அடித்தேன். பின்னால் இரண்டு சொல் சேர்க்க வேண்டும் என்பதும் நினைவிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கையை ஆட்டினார், சிவப்பு விளக்கு எரியப் போகிறது. அப்படியே அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்கு, யாரும் திருத்தாமல், நானாக ஆங்கிலத்தில் சரியாகச் சொன்ன முதல் பதில் அது. அதன் பெருமை சாயங்காலம் வரை இருந்தது.

பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை. மெட்ரோவில் ஹப்சிகுடா வந்து இறங்கியவன் நேரே ஒரு கடைக்குள் போய்ப் பெரிய டிராலி பெட்டி ஒன்று வாங்கினேன். நீல நிறம், நாலு சக்கரம். “காலேஜ் கோ ஜாரே பச்சே?” என்றார் கடைக்காரர், பிள்ளை காலேஜுக்குப் போகிறதா என்று. “ஹவ்” என்றேன். இந்த ஊரின் ஆமா என் வாயில் அன்றைக்குத்தான் உள்ளூர்க்காரன் வாயில் வருகிற மாதிரி வந்தது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்தது வெண்ணிலா. பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எங்கப்பா போறீங்க? ஆபீஸ் டூரா?”

“நான் எங்கம்மா போறேன்? உனக்குத்தான்.”

“நாகெந்துக்கு?” எனக்கு எதற்கு என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள். “நான்தான் சரண்டர் பண்ணிட்டேனே.”

“எதை?”

“சீட்டை. நீங்கதானே யெஸ் போட்டீங்க?”

“ஆமா, யெஸ்னுதான் போட்டேன்! யெஸ்னா போன்னு அர்த்தம். யெஸ், ஐ டூ. நீ போகணும்னு அர்த்தம்!”

அவள் பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். பிறகு, வாத்தியார் தப்பாகத் திருத்திய விடைத்தாளைக் காட்டுகிற பிள்ளை மாதிரி நிதானமாகச் சொன்னாள். “அப்பா, நீங்க என்னைக்கு இந்த மாதிரி கேள்விக்குக் கரெக்டா யெஸ் சொல்லிருக்கீங்க? ஒவ்வொரு சண்டேயும் நான்தானே மாத்துவேன்? உங்க யெஸ்னா ஆமா. ஆமா, எனக்கு விருப்பமில்ல. நாகு தெலுசு கதா, எனக்குத் தெரியுமே. அத நான் தமிழ்லதான்பா படிச்சேன்.”

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த விஜயா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அந்த யெஸ்ஸுக்குப் பின்னால இன்னும் ரெண்டு வார்த்தை போட்டிருந்தா விரல் தேஞ்சா போயிரும்? சீனாக்காரப் பிள்ளைகளுக்கு மணிக்கணக்கா விளக்கிட்டுக் கெடக்கீக” என்றாள்.

“மூணு மணி வரைக்கும் சும்மா இருந்திருக்கலாமேம்மா. ஏன் சரண்டர் பண்ணின?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“சும்மா விட்டா சீட் வேஸ்ட்டாப் போகும். சரண்டர் பண்ணினா அடுத்த ஆளுக்குப் போகும். அவங்களும் வெயிட் பண்ணுவாங்கல்ல?”

6

மறுநாள் காலை புனே உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். இந்திக்கு ஒன்று, மராத்திக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. மூன்றை அழுத்தினேன். இந்தியில் பேசினார்கள். பெயர் கேட்டார்கள். வெண்ணிலா என்றேன், அப்படி யாரும் இல்லை என்றார்கள். வென்னெலா என்றேன். இருந்தாள். “மேடம் தானே விருப்பப்பட்டு விட்டுக்கொடுத்திருக்கிறாங்க சார். அடுத்த ஆள் நேற்றே சேர்ந்தாச்சு” என்றார்கள்.

மின்னஞ்சல் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல ஆங்கிலம் அதுதான். ஒரு கமா தப்பில்லை. எதிர்மறை வாக்கியம் ஒன்றுகூட இல்லை. தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவே ஏற்பட்ட புரிதல் பிழை என்று விளக்கியிருந்தேன். சொந்த விருப்பத்தின் பேரில் ஒப்படைக்கப்பட்ட இடத்தைத் திரும்ப வழங்க இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. படித்துப் புரிந்துகொள்வதில் எந்தச் சிரமமும் இல்லாத பதில்.

ரமணாவிடம் சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார். பிறகு, “சார், இதைக் கேட்கும் பகுதிக்கு ஒரு உரையாடலாகப் போடலாமா?” என்றார். போட முடியாது. யாரும் எதையும் திரும்பக் கிடைக்காதபடி இழக்கக் கூடாது என்று பட்டியலில் இருக்கிறது.

வெண்ணிலா அழவில்லை, சண்டை போடவில்லை. அவள் என்னைக் குறை சொல்லியிருந்தால் நான் ஆங்கில இலக்கணத்தைக் குறை சொல்லித் தப்பித்திருப்பேன். தமிழில் ஒரு வரி பேசச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிற பெண், என் வாழ்க்கையில் நான் சரியாக எழுதிய ஒரே ஆங்கிலச் சொல்லைத் தமிழாகப் படித்திருக்கிறாள். இதற்கு நான் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன்.

7

திங்கட்கிழமை பி.காம். முதல் நாள். தினமும் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றிருந்தவள், அன்று மட்டும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். தார்நாகா சிக்னலில் சிவப்பு விழுந்தது. விளக்குக்குப் பக்கத்தில் தொண்ணூறு என்று காட்டி, ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தது.

“அப்பா, ஒண்ணு கேக்கட்டா?” பின்னாலிருந்து, காதுக்குப் பக்கத்தில். தமிழ்தான். யோசித்து, சேர்த்து வைத்திருந்து பேசுகிற தமிழ்.

“கேளும்மா.”

“நான் புனே போகணும்னு உங்களுக்கு நிஜமா ஆசை இருந்துச்சா?”

நேரான கேள்வி. ‘இல்லையா’ கிடையாது, ‘அப்படித்தானே’ கிடையாது. ஆமா என்றாலும் யெஸ் என்றாலும் அவுனு என்றாலும் ஒரே அர்த்தம் வருகிற கேள்வி. எந்த மொழியிலும் தப்பாகப் போக வழியில்லாதபடி கேட்டிருந்தாள்.

போகட்டும் என்று முடிவு செய்திருந்தேன், அது உண்மை. பெட்டி வாங்கினேன், அதுவும் உண்மை. மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறி வந்து, ஒப்படைத்துவிட்டேன் என்று அவள் சொன்ன நொடியில், பதற்றத்துக்கெல்லாம் முன்னால், நெஞ்சுக்குள் ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்ததே, அது? அதை எழுதினவனுக்கே தெரியாமல் அந்த ஒரு சொல்லிலிருந்து அவள் எடுத்துப் படித்துவிட்டாள். நான் எழுதிய சொல்லைத்தான் அவள் தவறாகப் படித்தாள். என்னை அல்ல.

ஆமா என்று சொல்லிவிடலாம். அறுபது. நல்ல அப்பாக்கள் சொல்லிவிடுவார்கள். நாற்பது. என் தாள்களில் வருகிற அப்பாக்கள் எல்லாரும் சொல்வார்கள், அதோடு ஒரு ஐஸ்கிரீமும் வாங்கித் தருவார்கள். இருபத்தைந்து. வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. மூடிக்கொண்டேன். பத்து. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன.

“சரி, போங்கப்பா” என்றாள்.

வண்டியை எடுத்தேன்.